மூன்று முறை வலம் வந்த சம்பந்தி

முதல் தப்பு சுப்பராயன் வைத்திலிங்கத்தினுடையது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சார். போகப்போக நான் கொஞ்சம் அதிகமாகக் கோபப்பட்டது மாதிரி உங்களுக்குத் தோன்றும். என் பெண்ணே என்னைப் பிடிவாதக்காரன் என்கிறாள். இதோ இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாளே, என் வீட்டுக்காரி செண்பகம், இவளும் அதையேதான் சொல்வாள். ஆனால் முதல் தப்பு யாருடையது என்று பாருங்கள். அதுதான் முக்கியம்.

உங்களுக்கு ஜன்னல் சீட்டு. எனக்கு நடு சீட்டு. நடுவில் உட்காருகிறவன் பேசாமல் வேறு என்ன செய்வான்? சென்னையிலிருந்து மொரீஷியஸ் ஆறு மணி நேரம். கதவை மூடி இருபது நிமிஷம் ஆகிவிட்டது. கதை அதற்குள் முடிந்துவிடும், பயப்படாதீர்கள்.

சுப்பராயன் வைத்திலிங்கம் என் சம்பந்தி. மொரீஷியஸ்காரர். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனவராம். வீட்டில் அவர்களுக்கு வேறு பாஷை. தமிழைக் கோயில் வகுப்பில்தான் படித்திருக்கிறார். அதனால் அவர் வாயைத் திறந்தால் கல்வெட்டு பேசுகிற மாதிரி இருக்கும். “சம்பந்தி அவர்களே, தாங்கள் நலமா?” என்பார். திட்டினாலும் அதே தமிழ்தான். ஒருமுறை அவர் என்னைத் திட்டியது எனக்கு ரெண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு கோபப்பட்டால் நன்றாகவா இருக்கும்? அப்படியும் பட்டேன்.

நான் போர்ட் பிளேர். பெயர் சோலைமலை. எங்கள் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்தமானுக்கு மரம் அறுக்க வந்தவர். எனக்குப் படிப்பு நாலாவது வரைக்கும். விமான நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் ஏணி தள்ளினேன். விமானம் வந்து நின்றதும் கதவோடு கொண்டுபோய்ச் சேர்ப்போமே, சக்கரம் வைத்த ஏணி, அது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை லட்சம் பேரை இறக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் மட்டும் ஒரு நாளும் ஏறியதில்லை. அது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று, சார். ஒருவன் ஊருக்கு வந்தானா, வரவில்லையா என்று சொல்ல ஏணிக்காரனை விட்டால் ஆள் கிடையாது. பைலட் என்ன சொல்வான்? சக்கரம் தரையைத் தொட்டால் வந்தாச்சு என்பான். அறிவிக்கிற பெண் விமானம் மேலே இருக்கும்போதே வந்துவிட்டது என்பாள். அதெல்லாம் செல்லாது. ஏணி வைத்து, கதவு திறந்து, கால் முதல் படியில் பட வேண்டும். அப்போதுதான் வந்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சண்டையே இதில்தான்.

என் பெண் பவானி ஓட்டல் படிப்பு படித்துவிட்டு மொரீஷியஸில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கே படகு இன்ஜின் பார்க்கிற பையன் தேவன். நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ரெண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். பையன் வீட்டார் தமிழர்கள், கோயில் குளம் என்று இருப்பவர்கள், சரி என்றேன். கல்யாணத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கும் சரி என்றேன். பெண் வீட்டுக்காரன் நான். என் ஊரில் வைக்க வேண்டிய கல்யாணம். விட்டுக்கொடுத்தேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே விட்டுக்கொடுத்தேன்.

“ரொம்பத் தூரமா மாப்ளே?” என்று போனில் கேட்டேன். தேவன் எதையோ தட்டிப் பார்த்தான்.

“அஞ்சாயிரத்து இருநூத்தி முப்பத்தஞ்சு கிலோமீட்டர் மாமா. பிளைட்டுல ஆறரை மணி நேரம்.”

“அது எந்த பிளைட்டு? நான் பாக்காத பிளைட்டு?”

“அப்படி பிளைட்டு ஒண்ணும் இல்ல மாமா. இருந்தா ஆறரை மணி நேரம்.”

பாருங்கள். இல்லாத விமானத்துக்கு எதற்கு நேரம்? அந்த ஆறரை மணி நேர விமானம் நான் ஏணி தள்ளின இடத்தில் ஒரு நாளும் வந்து நின்றதில்லை. உண்மையில் எத்தனை மணி நேரம் ஆயிற்று தெரியுமா? காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டினோம். சென்னைக்கு ஆயிரத்து முன்னூற்று எழுபத்து மூன்று கிலோமீட்டர். அங்கே செண்பகத்தின் தம்பி வீட்டில் தங்கி, மறுநாள் விடிகாலை விமானம். அது நாலாயிரத்து நானூற்று ஐம்பத்தேழு. அங்கே போய் இறங்கும்போது என் கடிகாரத்தில் அன்று காலை பத்து. இருபத்தேழு மணி நேரம். ஐயாயிரத்து எண்ணூற்று முப்பது கிலோமீட்டர். அத்தனையும் அந்த மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்காக. வழியில் ஒரு கோயிலுக்குக்கூட நான் போகவில்லை. இது பின்னால் வரும்.

பதினேழு நாள் அவர் வீட்டில் இருந்தேன். குறை சொல்லக்கூடாது, நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். நேரத்தில்தான் கொஞ்சம் இழுபறி. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நான் என் கடிகாரத்தை மாற்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? பதினேழு நாளில் திரும்பிப் போகப்போகிறவன். என் வயிறும் போர்ட் பிளேர் நேரத்தில்தான் இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். அவர்களுக்கு அப்போது பதினொன்று. சம்பந்தியம்மாள் முதல் நாள் கொஞ்சம் பதறினார்கள். மூன்றாம் நாளிலிருந்து பதினொன்றுக்கே சோறு தயாராக இருக்கும். அந்த அம்மாளுக்கும் அதுதான் சௌகரியமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறதே.

கிளம்புகிற அன்று சம்பந்தி விமான நிலையத்துக்கு வந்தார். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “சம்பந்தி அவர்களே, அடுத்து எங்கள் கால் தங்கள் மண்ணில் படும்” என்றார்.

கால். மண்ணில். படும். அவர் வாயால் சொன்ன வார்த்தை, சார். நான் சேர்த்தது ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணைக் கொடுத்த வீட்டில் சம்பந்தி வந்து கை நனைக்க வேண்டும். இலை போட்டு, உட்கார்ந்து, சாப்பிட்டு, எங்கள் வீட்டுத் தண்ணீரில் கை கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் ரெண்டு வீடும் ஒரு வீடு. நான் அவர் வீட்டில் நனைத்துவிட்டேன். அவர் என் வீட்டில் நனைக்க வேண்டும். இது கடன். ஊர் உலகத்துக்கே தெரிந்த கடன்.

அவர் கல்யாணம் முடிந்து பதினாறு மாதம் கழித்து, ஜனவரியில் வருகிறேன் என்றார். நான் கூடாது என்றேன். கல்யாணம் ஆவணியில். மறுவீட்டு விருந்தை வருஷம் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். ஆனிக்குள் வாருங்கள் என்றேன். “ஆனியில் தங்கள் ஊரில் கடும் மழை என்று கேள்விப்பட்டேனே?” என்றார். மழை எங்களுக்குப் புதிதா? முப்பத்தொரு வருஷம் மழையில் நின்றவனிடம் மழையைப் பற்றிச் சொல்கிறார். வாருங்கள் என்றேன். வந்தார். நேராக வந்தாரா? இல்லை. தமிழ்நாட்டில் பதினான்கு நாள் கோயில் கோயிலாக ஏறி இறங்கினார்கள். பழனியில் வேண்டுதலாம். எல்லாம் முடித்துக் கடைசி ரெண்டு நாளை எனக்கு ஒதுக்கினார்.

சரி, ரெண்டு நாளாவது கிடைத்ததே என்று ஏற்பாடு செய்தேன். நண்டுக்குச் சொல்லி வைத்தேன். அப்புறம் போன் வருகிறது, விரதமாம், மாமிசம் ஆகாதாம். நண்டு சொன்ன பிறகு! சரி என்று பதினோரு வகைக் காய்க்கு மாற்றினேன். தீவில் காய்கறிக்கு எங்கே போவது? முருங்கைக்காய் ஒவ்வொன்றும் விமானத்தில் வந்தது. சம்பந்திக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது.

விமான டிக்கெட் எடுக்கத் தேவன் கேட்டான். “மாமா, காலை பிளைட்டா, மத்தியான பிளைட்டா?”

மத்தியானம் என்றேன்.

இதில்தான் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனி மாதத்து மத்தியான விமானம் அடிக்கடி திரும்பிவிடும், காற்றும் மழையும் அப்போதுதான் கூடும், இது ஒரு ஏணிக்காரனுக்குத் தெரியாதா என்று பவானி கேட்டாள். தெரியும். யார் தெரியாது என்றது? ஆனால் என் கூட வேலை பார்த்த கரீமுக்கு அந்த வாரம் மத்தியான ஷிப்ட். ஏணியின் கைப்பிடியில் மாலை சுற்றி, முதல் படியில் சிவப்புத் துணி விரித்து வைக்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். காலை ஷிப்டில் இருந்தவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவன் தொண்ணூற்றெட்டில் எனக்குச் செய்தது தனிக் கதை. அவன் வைக்கிற ஏணியில் என் சம்பந்தி இறங்குவதா? நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு மத்தியானம் நான் வெளியே மாலையோடு நிற்கிறேன். பின்னால் நாற்பது பேர். வீட்டில் இலை நறுக்கி வைத்தாகிவிட்டது. மழை கொட்டுகிறது. விமானம் வருகிற சத்தம் கேட்கிறது. எனக்குச் சத்தத்திலேயே தெரியும், இறங்குகிற சத்தமா, சுற்றுகிற சத்தமா என்று. அது சுற்றுகிற சத்தம். ஒரு சுற்று. மேகத்துக்குள் போய்விட்டது. ரெண்டாவது சுற்று. செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது சுற்று எங்கள் பேட்டை டெய்ரி பார்ம் பக்கம், எங்கள் வீட்டுக்கு மேலேயே போனது. அப்புறம் சத்தம் மேற்கே திரும்பியது. அவ்வளவுதான். சென்னைக்கே போய்விட்டது.

மறுநாள் மழை இன்னும் அதிகம். அதற்கு மறுநாள் அவர்களுக்கு மொரீஷியஸ் டிக்கெட். பதினோரு காயையும் நாற்பது பேரும் ரெண்டு நாள் வைத்துச் சாப்பிட்டார்கள்.

இதுவரைக்கும் தப்பு வானத்தினுடையது. நான் ஒத்துக்கொள்கிறேன். மேலே இருக்கிறவன் செய்ததற்குச் சம்பந்தியைக் குறை சொல்லக்கூடாது. சென்னையிலிருந்து அவர் போன் செய்தார். ‘வர முடியவில்லை, அடுத்த முறை வருகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்து உங்கள் உயிரை எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“சம்பந்தி அவர்களே, வந்துவிட்டுச் சென்றோம்.”

“எங்க வந்தீங்க?”

“தங்கள் ஊருக்குத்தான். மேகத்தின் இடையே தங்கள் தீவைக் கண்ணாரக் கண்டோம். மூன்று முறை வலம் வந்தோம். ஆலயத்தை வலம் வந்தால் தரிசனம் ஆயிற்று அல்லவா?”

பின்னால் சம்பந்தியம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“கோயிலச் சுத்திட்டு அப்படியே வீட்டுக்குப் போனா அது தரிசனமா? உள்ள வந்து துன்னூறு வாங்க வேண்டாமா?” என்று கேட்டேன்.

அதற்கு அவர் கணக்குச் சொன்னார். சார், இதைக் கேளுங்கள். “தாங்கள் எங்கள் இல்லத்துக்கு வந்த தொலைவு ஐயாயிரத்து எண்ணூற்று முப்பது. நாங்கள் தங்கள் ஊரின் மேல் வந்து சேர்ந்த தொலைவும் அதே ஐயாயிரத்து எண்ணூற்று முப்பது. அதற்கு மேல் மூன்று சுற்று. சுற்றுக்கு நாற்பது என்றால் நூற்றிருபது கிலோமீட்டர். ஆகவே, தாங்கள்தான் எங்களுக்கு நூற்றிருபது கிலோமீட்டர் கடன்பட்டிருக்கிறீர்கள்.”

கேட்டீர்களா? கடன்பட்டவன் நான்!

அதோடு விட்டாரா? நேரத்திலும் எனக்குத்தான் லாபமாம். நான் சென்னையிலிருந்து அங்கே போக டிக்கெட்டில் நாலரை மணி நேரம்தான் போட்டிருக்கிறதாம், அவர்கள் அங்கிருந்து சென்னை வர ஏழரை மணி நேரமாம். “மூன்று மணி நேரம் கூடுதலாக உழைத்தோம்” என்கிறார். நான் படிக்காதவன் என்பதால் ஏமாந்துவிடுவேன் என்று நினைத்தார். நான் கடிகாரத்தை மாற்றாதவன், சார். போகும்போதும் ஆறு, வரும்போதும் ஆறு. என் கையில் ஓடிய நேரம் அது. ஊருக்கு ஊர் முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்கிறவர்கள்தான் இப்படிக் கணக்குப் பேசுவார்கள்.

தூரக் கணக்குக்கும் பதில் சொன்னேன். “சம்பந்தி, நாலாயிரத்துச் சொச்சம் நீங்க வந்தது பழனி முருகனுக்கு. அத என் தலையில கட்டாதீங்க. எனக்காக வந்தது சென்னையிலேர்ந்து ஆயிரத்து முன்னூத்தி எழுபத்து மூணுதான். அதுலயும் ஏணி வைக்கல. ஏணி வைக்கலன்னா அதுவும் இல்ல. ஆக மொத்தம் எனக்காக நீங்க வந்தது ஒண்ணுமே இல்ல.”

“முருகனையும் தங்களையும் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை” என்றார்.

இந்த ஆளிடம் என்ன பேசுவது?

அதோடு பேச்சு நின்றது. பவானி மாசமானாள். டாக்டர் விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் பிரசவத்துக்குச் செண்பகம் மட்டும் போனாள். மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. பேரன் பிறந்தான். வேலன் என்று பெயர். போனில் காட்டுவார்கள். போனுக்குள் ஒரு குழந்தை உருண்டுகொண்டிருக்கும். நான் “என்னடா பயலே” என்பேன். அவன் கேமராவை நக்குவான். அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும். மனசு கேட்கவில்லை. ஆனால் வைராக்கியம் என்று ஒன்று இருக்கிறதே.

சாப்பாடு கொண்டுவருகிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். நானும் சாப்பிடுவேன், இது விமானக் கம்பெனிச் சோறு. இதில் கை நனைத்தால் யாருக்கும் நான் கட்டுப்பட்டவன் இல்லை. செண்பகம், ஏய், தட்டு வருது பாரு. தட்டு என்றால் மட்டும் கண் திறக்கும்.

எங்கே விட்டேன்? ம், காது குத்து. போன மாதம் பவானி பேசினாள். “அப்பா, வேலனுக்குக் காது குத்தப் போறோம். பதினோராவது மாசம். நீ வரணும்.”

“உன் மாமனாரு என் வீட்டுக்கு வந்தாரா?” என்றேன்.

“அப்பா, மடி வேணும்ப்பா.”

அவள் கேட்டது நியாயம். காது குத்துக்குக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பவானிக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. அந்த இடத்தில் அம்மாவைப் பெற்றவன் உட்காரலாம். ஆக அந்த மடி என்னுடையது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அவள் போனைக் கொடுத்துவிட்டாள் அந்த மனிதரிடம். ரெண்டு வருஷம் கழித்து அந்தக் கல்வெட்டுக் குரல்.

“சம்பந்தி அவர்களே, தங்களுக்குப் பயணம் சிரமமாயின் வருந்த வேண்டாம். மடி இங்கேயும் இருக்கிறது.”

சார், எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் காது அடைத்துவிட்டது. மடி இங்கேயும் இருக்கிறதாம்! நான் உயிரோடு இருக்கும்போது என் பேரனை அவர் மடியில் வைத்து, என் பக்கத்து முறையை அவரே செய்வாராம். வலம் வந்ததை விருந்து என்று சொன்னவர் நாளைக்கு இதையும் செய்வார். செய்துவிட்டு அதற்கும் ஒரு கிலோமீட்டர் கணக்குச் சொல்வார்.

“டிக்கெட்டப் போடுங்க” என்றேன். “ஆனா ஒண்ணு. நீங்க எங்க வீட்டுல கை நனைக்கிற வரைக்கும் நான் உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன். ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ குசுகுசுத்தார். அப்புறம் “தங்கள் விருப்பம்” என்றார். பக்கத்தில் யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது. லைனில் கோளாறாகவும் இருக்கலாம்.

செண்பகம் கேட்டாள். “எத்தன நாளைக்கு டிக்கெட்டு?”

“இருபத்திரண்டு நாள்.”

“இருபத்திரண்டு நாளும் பட்டினியா?”

“நம்ம சாப்பாட்ட நம்ம கொண்டு போறோம்.”

இவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நாற்பது வருஷத்தில் நான் சொன்ன ஒரு காரியத்தை இவள் மறுபேச்சு இல்லாமல் செய்தது இதுதான் முதல் தடவை. எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு வாரம் இடித்தாள், வறுத்தாள், காய வைத்தாள். அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சத்துமாவு, மாங்காய் ஊறுகாய், நெத்திலிக் கருவாடு மட்டும் ரெண்டு கிலோ. ஒரு பெட்டி முழுக்க அதுதான். பெட்டியின் மேல் பெரிதாக என் பெயரை எழுதச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரரை. “என் பேரு எதுக்கு?” என்றேன். “உங்க வைராக்கியம்தான, உங்க பேருல இருக்கட்டும்” என்றாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஏணி தள்ளித் தள்ளி முழங்கால் ரெண்டும் போய்விட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பத்து வருஷம் ஆகிறது. காது குத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் சம்பந்தி அதற்கும் ஏதாவது செய்யுள் சொல்வார். அதனால் ஒரு மாதமாகப் பழகினேன். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி சம்மணம். வேலன் ஒன்பது கிலோ என்று பவானி சொன்னாள். ஒன்பது கிலோ பூசணிக்காய் ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பூசணிக்காய் அசையாது, குழந்தை அசையும் என்றாள் இவள். அதனால் நான் பூசணிக்காயை ஆட்டினேன். கரீம் பார்த்துவிட்டுப் போய் ஷிப்ட் முழுக்கச் சொல்லிவிட்டான். சொல்லட்டும். இப்போது முக்கால் மணி நேரம் உட்காருவேன். ஆசாரி ரெண்டு காதையும் குத்தி முடிக்கிற வரைக்கும் தாராளமாகப் போதும். எழுந்திருக்கத்தான் ரெண்டு ஆள் வேண்டும். அதற்குள் முறை முடிந்துவிடும்.

முதலில் அழுவானோ என்னவோ. போனில் பார்த்த முகம் நேரில் வந்தால் குழந்தைக்கு அடையாளம் தெரியுமா, சார்? உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டா? தெரியும் என்கிறீர்களா? குரல் தெரியுமாம், செண்பகம் சொல்கிறாள். பார்ப்போம்.

என்ன கொடுக்கிறார்கள், அட்டையா? ஆமாம், போன தடவையும் கொடுத்தார்கள். அப்போது பக்கத்து சீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை நீங்கள்தான். எனக்கு இந்த எழுத்தெல்லாம் ஓடாது. இதோ பாஸ்போர்ட். பெயர், சோலைமலை. தொழில், ஏணி என்று எழுதுங்கள். ஓய்வு என்று எழுத வேண்டுமா? சரி, ஓய்வு. தங்குமிடம்? சுப்பராயன் வைத்திலிங்கம் வீடு. வேறு எங்கே தங்குவேன்? விலாசம் எனக்கு மனப்பாடம், சொல்கிறேன். எத்தனை நாள்? இருபத்திரண்டு.

அடுத்தது என்ன? உணவுப் பொருள் ஏதாவது கொண்டு வருகிறீர்களா என்று கேட்கிறானா? ஆமாம், கொண்டு வருகிறேன். எதற்குக் கேட்கிறான்?

என்ன? எடுத்துக்கொள்வார்களா? எதை? கருவாட்டையா? எல்லாவற்றையுமா? ஊறுகாயை எடுத்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? பொடியைக்கூடப் பிரித்துப் பார்ப்பார்களா? எழுதாமல் போனால்? அபராதமா? பெட்டியில் என் பெயர் பெரிதாக இருக்கிறதே!

செண்பகம். ஏய், செண்பகம். பிரசவத்துக்குப் போனப்போ நீ கொண்டு போன கருவாடு என்ன ஆச்சு? கேட்டப்போ ‘நல்லா செலவாயிடுச்சு’ன்னு சொன்னியே, எங்க செலவாச்சு? ஏர்போர்ட்லயா?

தூங்குகிறாளாம். பாருங்கள் சார், தூங்குகிறவள் உதடு இப்படித் துடிக்குமா? நாற்பது வருஷம்! இவளும், பெண்ணும், அந்த மனிதரும், எல்லோரும் சேர்ந்துதான். ‘தங்கள் விருப்பம்’ என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரி. எழுதுங்கள், சார். எல்லாவற்றையும் எழுதுங்கள். அவல், பொடி, ஊறுகாய், கருவாடு ரெண்டு கிலோ. நான் ஒன்றையும் மறைக்கிறவன் இல்லை. ஒரு அரசாங்கமே வந்து என் சோற்றைப் பிடுங்கிக்கொண்டால் அது என் வைராக்கியத்தின் குற்றமா? இல்லை. சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு மயக்கம் போட்டு விழுந்தால் யாருக்கு அசிங்கம்? அதனால் சாப்பிடுவேன். ஆனால் ஒவ்வொரு வேளையும் எண்ணிக்கொண்டு சாப்பிடுவேன்.

நீங்கள் படித்தவர், கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். போன தடவை பதினேழு நாள், மூன்று வேளை. ஐம்பத்தொன்று. இந்தத் தடவை இருபத்திரண்டு நாள். அறுபத்தாறு. ஆக நூற்றுப் பதினேழு வேளை நான் அவர் வீட்டில் கை நனைத்திருப்பேன். அவர் என் வீட்டில் எத்தனை? ஒன்றுமில்லை. அப்படியானால் அவர் எனக்கு நூற்றுப் பதினேழு வேளை பாக்கி. நாளுக்கு மூன்று என்றால் முப்பத்தொன்பது நாள். முப்பத்தொன்பது நாளும் அவரும் அந்த அம்மாளும் டெய்ரி பார்மில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். நானும் வேளை தவறாமல் பரிமாறுவேன். ஒன்றைக்கூடத் தள்ளுபடி செய்ய மாட்டேன். இதைக் காது குத்து முடிந்த கையோடு சபையிலேயே சொல்லிவிடப் போகிறேன். செய்யுளில் பதில் சொல்லட்டும், பார்க்கலாம்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறதா? வந்த காரணமா? எதை எதைப் போட்டிருக்கிறான், வாசியுங்கள். வியாபாரம், இல்லை. சுற்றுலா, இல்லை. விருந்தாளியா? ஐயோ, கையை எடுங்கள் சார், அதில் குறி போட்டுவிடாதீர்கள். அந்த அட்டையை அவர் பார்த்தால் அதையே பிடித்துக்கொள்வார். நான் விருந்தாளி இல்லை, என் வீட்டுக்குத்தான் விருந்தாளி வர வேண்டியிருக்கிறது. கடைசியில் என்ன இருக்கிறது? ‘மற்றவை’யா?

அதில் போடுங்கள். நன்றாக அழுத்திப் போடுங்கள்.